பதில் இல்லையென்றால் அக்கறை இல்லையா?



கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் தலைமையாசிரியர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். "சார், மத்தியானக் கூட்டத்துக்கு வர முடியாதுன்னு ஏன் பதில் போட்டீங்க? பள்ளியிலதானே இருக்கீங்க?" என்று கேட்டார். நான் விழித்தேன். அப்படியொரு பதிலை நான் அனுப்பவே இல்லை. அனுப்பியது நான் எழுதி வைத்திருந்த குறுநிரல்!

நடந்தது இதுதான். மின்னஞ்சலுக்கு ஓயாமல் வந்துகொண்டிருந்த கூட்ட அழைப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், கூகலின் 'ஆப்ஸ் ஸ்கிரிப்ட்' வசதியில் சில வரிகளை எழுதி, மணிக்கொரு முறை தானே ஓடும்படி வைத்திருந்தேன். நாட்காட்டியில் புதிய அழைப்பு வந்திருந்தால் அது பார்க்கும். வேலை நாளாயின் 'ஆம்' என்றும், விடுமுறை நாளாயின் 'இல்லை' என்றும் என் பெயரில் பதில் சொல்லும். அவ்வரிகளில் பாதி இணையத்திலிருந்து எடுத்தவை. அந்த நிரல்மொழியில் வாரத்தின் நாள்களுக்கு எண்கள் உண்டு. ஞாயிறு 0, சனி 6. நான் எடுத்த நிரலில் 0, 6 இரண்டும் விடுமுறை என்று எழுதியிருந்தது. கெடாவில் நமக்கு விடுமுறை வெள்ளியும் சனியும் அல்லவா? அதாவது 5, 6. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த பள்ளிக் கூட்டத்தை என் நிரல் மறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக் காலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் இணையவழிக் கருத்தரங்கிற்கோ 'ஆம்' என்று சொல்லியிருந்தது.

தலைமையாசிரியர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஓர் எண்ணைத் திருத்தியதும் சிக்கல் தீர்ந்தது. ஆனால், அதே ஆண்டில் அதே வகைக் குறுநிரல் பெற்றோர்களுக்குச் செய்ததை நினைத்தால் இன்றும் என்னால் சிரிக்க முடியவில்லை. இக்கட்டுரையை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

'ஆர்வமில்லை' என்றொரு பட்டியல்

மாணவர்களின் அடைவுநிலையைப் பற்றிப் பெற்றோரைத் தனித்தனியே சந்தித்துப் பேசுவதென்று முடிவாயிற்று. ஆளுக்கு 15 நிமிடம். இளம் ஆசிரியர் ஒருவர், கணினியில் வல்லவர், பொறுப்பை ஏற்றார். பெற்றோரின் மின்னஞ்சல் முகவரிகளை விரிதாளில் வரிசைப்படுத்தினார். அவர் எழுதிய நிரல் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு நேரத்தை ஒதுக்கி, நாட்காட்டி அழைப்பை உருவாக்கியது. 48 மணி நேரம் கழித்து மீண்டும் ஓடிப் பதில்களைப் படித்தது. 'ஆம்' என்றவர் பெயருக்குப் பச்சை நிறம். 'இல்லை' என்றவருக்கு மஞ்சள். பதிலே சொல்லாதவருக்குச் சிவப்பு நிறமும், பக்கத்துக் கட்டத்தில் 'ஆர்வமில்லை' என்னும் சொல்லும்!

அந்த முறையைப் பாராட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு நாள் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது என்று மகிழ்ந்தேன். அந்தப் பட்டியல் ஆசிரியர் கூட்டத்தில் திரையில் காட்டப்பட்டபோது, பாதிக்கு மேற்பட்ட பெயர்கள் சிவப்பாக இருந்தன. "பார்த்தீங்களா, நம்ம பெற்றோருக்கு அக்கறையே இல்லை" என்றார் ஒருவர். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து, பள்ளி முடியும் வேளையில் ஒரு தாய் வாயிலில் நின்றிருந்தார். தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். இரவு வேலை முடிந்து வீடு போய்ச் சமைத்துவிட்டு, உறங்காமல் வந்திருக்கிறார். "சார், பிள்ளையைப் பத்திப் பேசக் கூப்பிடறாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எனக்கு மட்டும் ஏன் சார் சொல்லல?" என்று கேட்டார். அவர் பெயர் சிவப்பில் இருந்தது.

நான் பொறுப்பாசிரியருடன் அமர்ந்து நிரலை வரி வரியாகப் பார்த்தேன். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் நாட்காட்டி நிகழ்வை உருவாக்கும்போது விருந்தினர் பெயர்களைச் சேர்க்கலாம். ஆனால், 'அழைப்பு மடலை அனுப்பு' என்னும் தெரிவைத் தனியே எழுதினால்தான் மடல் போகும். எழுதாவிட்டால் இயல்புநிலை 'அனுப்பாதே' என்பதே. முதல் தொகுதிக்கு அந்த வரி எழுதப்படவில்லை. அதாவது, யாருக்கு நாம் மடலே அனுப்பவில்லையோ, அவர்களையே 'ஆர்வமில்லாதவர்கள்' என்று திரையில் காட்டியிருக்கிறோம்!

செந்தரம் சொல்வது வேறு

இது தனியொருவரின் கவனப்பிழை என்று தள்ளிவிட முடியாது. மடல் ஒழுங்காகப் போயிருந்தாலும் அந்தச் சிவப்பு நிறம் தவறானதே என்பது என் வாதம். ஏனென்று சொல்கிறேன்.

கூகல், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் என எந்த நிறுவனத்தின் நாட்காட்டியாயினும், ஒன்றின் அழைப்பை மற்றொன்று புரிந்துகொள்ள ஒரு பொதுச் செந்தரம் இருக்கிறது. 'ஐகேலண்டர்' என்பது அதன் பெயர். 1998இல் வெளியாகி, 2009இல் ஆர்எஃப்சி 5545 என்னும் எண்ணில் திருத்தப்பட்டது. அதில் அழைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு நிலை உண்டு. ஏற்றார், மறுத்தார், ஒருவேளை வருவார் என்பன சில. எதுவுமே சொல்லாதவருக்கு அந்தச் செந்தரம் தரும் பெயர் என்ன தெரியுமா? 'நீட்ஸ் ஆக்‌ஷன்', அதாவது 'செயல் தேவை'!

'மறுத்தார்' என்றோ 'ஆர்வமில்லை' என்றோ அது சொல்லவில்லை. இன்னும் ஏதோ செய்ய வேண்டியிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. ஆப்ஸ் ஸ்கிரிப்டிலும் அப்படித்தான். பதில் சொல்லாத விருந்தினரின் நிலையைக் கேட்டால் 'இன்வைட்டட்', அதாவது 'அழைக்கப்பட்டவர்' என்ற விடைதான் வரும். பொறி மிக நேர்மையாகத்தான் இருந்தது. அழைத்தோம், அதற்குமேல் எதுவும் தெரியாது என்றது. 'தெரியாது' என்ற இடத்தில் 'ஆர்வமில்லை' என்று எழுதியது மனிதர்களாகிய நாம்.

அதே செந்தரத்தின் துணையாவணமான ஆர்எஃப்சி 5546, அழைக்கப்பட்டவர் 'இந்த நேரம் வேண்டாம், வேறு நேரம் தாருங்கள்' என்று எதிர்முன்மொழிவு அனுப்பவும் வழி வகுத்திருக்கிறது. கூகல் நாட்காட்டியிலும் 2018 முதல் அவ்வசதி உண்டு. ஆனால், நம் நிரல் பார்த்தது ஆம், இல்லை, ஒருவேளை, அழைக்கப்பட்டவர் என்னும் நிலைகளை மட்டுமே. வேறு நேரம் கேட்கும் பெற்றோருக்கு அதில் இடமே இல்லை. பெற்றோருக்குள்ள உரிமையை நம் வசதிக்காக நாமே வெட்டிவிட்டோம்.

மௌனத்தின் காரணங்கள்

சிவப்பு நிறத்தில் இருந்த குடும்பங்களை அதன்பின் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைத்தேன். சில வீடுகளுக்கு நேரில் போனேன். நான் கண்டவற்றைச் சொல்கிறேன்.

பலருடைய மின்னஞ்சல் முகவரி, கைப்பேசி வாங்கியபோது கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்தது. கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. பதிவுப் படிவத்தில் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் போய் மடல் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அவர்கள் அன்றாடம் பார்ப்பது புலனக் குழு. அதிலும் எழுத்தைவிடக் குரற்பதிவையே விரும்புகிறார்கள்.

சிலர் கல்வியமைச்சின் டெலிமா அடையாளத்தைக் கொடுத்திருந்தார்கள். அது பிள்ளைக்குரிய கணக்கு. நாம் அனுப்பிய அழைப்பு ஒன்பது வயதுப் பிள்ளையின் நாட்காட்டியில் போய் விழுந்திருக்கிறது!

அழைப்பைப் பார்த்தும் பதில் சொல்லாதவர்களும் இருந்தார்கள். ஏன் என்று கேட்டபோது ஒரு தந்தை தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வாத்தியார் கூப்பிட்டு வர முடியாதுன்னு எப்படி சார் சொல்றது? மரியாதை இல்லையே." அவர் பீடோங் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். ஆசிரியருக்கு 'இல்லை' என்னும் பொத்தானை அழுத்த அவருடைய விரல் வரவில்லை. நாம் அக்கறையின்மை என்று எழுதியது, அவருடைய கணக்கில் மரியாதை.

எல்லாவற்றுக்கும் மேலாக நேரம். நாம் ஒதுக்கிய நேரங்கள் காலை 10 மணி, 11 மணி. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலும் சுங்கைப்பட்டாணித் தொழிற்பேட்டைகளிலும் முறைமாற்று வேலை செய்வோருக்கு அது ஒன்று வேலை நேரம், அல்லது உறங்கும் நேரம். இன்னும் பால்மரம் சீவப் போகிறவர்களுக்கோ விடியுமுன் தொடங்கிய வேலை அப்போதுதான் முடிவுக்கு வரும் நேரம்.

தோட்டத்துப் பெரட்டை நம்மில் பலர் பார்த்திருப்போம், அல்லது தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். விடியுமுன் இருட்டில் வரிசையாக நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள். குரல் வராவிட்டால் அன்றைக்குப் பெயர் இல்லை, கூலியும் இல்லை. காய்ச்சலா, பிள்ளைக்கு முடியவில்லையா என்று கிராணியின் புத்தகம் கேட்காது. அந்தப் புத்தகத்திலிருந்து பிள்ளைகள் விடுபட வேண்டும் என்றுதான் அம்மக்கள் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினார்கள். அப்பள்ளியின் விரிதாளே இன்னொரு பெரட்டுப் புத்தகமாகலாமா?

மேலே ஆமாம், கீழே இல்லை

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம்மில் பலர் வைத்திருக்கும் நிரல்கள், மேலிடத்திலிருந்து வரும் அழைப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்கின்றன. நான் எழுதியதும் அப்படித்தான். பள்ளி நாளாயின் 'ஆம்'. அந்த நேரத்தில் எனக்கு ஆண்டு ஒன்றில் பாடம் இருக்கிறதா என்று அது பார்க்கவே இல்லை. என் பாட அட்டவணை நாட்காட்டியில் இருந்தால்தானே பார்க்கும்? ஒரே தவணையில் எத்தனை தமிழ்மொழிப் பாடவேளைகள் இப்படிப் போயின என்று எண்ணிப் பார்த்து வெட்கப்பட்டேன்.

புத்ராஜெயாவுக்கு வேலை நாள் திங்கள் முதல் வெள்ளி வரை. நமக்கு ஞாயிறு முதல் வியாழன் வரை. இருவருக்கும் பொதுவானவை நான்கே நாள்கள். கூட்டங்களெல்லாம் அந்த நான்கு நாள்களில்தான் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. தப்பி வெள்ளியன்று வந்தால் நம் ஓய்வு நாள் போகிறது. இதையெல்லாம் கேட்காமல் நம் பொறி தலையாட்டுகிறது. அதே பொறி பெற்றோர் பக்கம் திரும்பும்போது, 48 மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் பெயரை வெட்டுகிறது. மேலே பார்த்தால் கும்பிடு, கீழே பார்த்தால் வெட்டு. பொறிக்கு மேல் கீழ் தெரியாது. அதை எழுதிய நமக்குத்தான் தெரிந்திருக்கிறது.

எதிர்வாதங்கள்

'ஆசிரியருக்கு நேரமில்லை, பொறியின் உதவி வேண்டாமா?' என்று கேட்பார்கள். வேண்டும். நான் பொறிக்கு எதிரியல்லன். நேரம் ஒதுக்கவும், நினைவூட்டவும், இரண்டு சந்திப்புகள் மோதாமல் பார்க்கவும் அதைவிடச் சிறந்த எழுத்தர் இல்லை. ஆனால், எழுத்தரிடம் தீர்ப்பை ஒப்படைக்கக் கூடாது. முன்பெல்லாம் அவுட்லுக் மென்பொருளில், மடல் வந்து விழுந்தவுடன் குறுநிரலை ஓடவிடும் விதியை யாரும் அமைத்துக்கொள்ள முடிந்தது. 2017இல் மைக்ரோசாஃப்ட் அதைப் பாதுகாப்புக் காரணத்திற்காக இயல்பாகவே முடக்கி வைத்தது. மனிதக் கண் படாமல் மடலுக்கு மடல் ஓடும் நிரலில் ஆபத்து உண்டு என்பதைச் செய்தவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

'எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறதே' என்பார்கள். கைப்பேசி இருப்பது வேறு, நாட்காட்டி அழைப்பைத் திறந்து பதிலளிக்கும் பழக்கம் இருப்பது வேறு. ஒன்பெஸ்தாரிநெட் திட்டத்தின்கீழ் 'ஃபிராக்' கற்றல் தளம் வந்தபோது பெற்றோருக்கும் கணக்குத் தந்தார்கள். பயன்பாடு மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கையே சுட்டிக்காட்டியது. 2019இல் அத்திட்டம் முடிவுக்கு வந்து, 2020 ஜூனில் டெலிமா வந்தது. தளம் மாறினாலும் பாடம் ஒன்றுதான். கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டால் கதவைத் திறந்ததாகிவிடாது.

'எல்லாருக்கும் ஒரே விதி, அதுதானே நீதி?' என்பது மூன்றாவது வாதம். அலுவலக நாற்காலியில் கணினி முன் அமர்ந்திருப்பவருக்கும், கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு 12 மணி நேரம் உற்பத்திக்கூடத்தில் நிற்பவருக்கும் ஒரே 48 மணி நேரம் என்பது நீதியன்று. 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, நெகிழ்வான வேலை நேரம் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் தொழிலாளிக்குப் பதிலளிக்க முதலாளிக்கு 60 நாள்கள் அவகாசம் உண்டு. முதலாளிக்கு 60 நாள். அந்தத் தொழிலாளி பெற்றோராக நம்மிடம் பதில் சொல்ல இரண்டே நாள். இதற்குப் பெயர் சமநீதியா?

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை

குறை மட்டும் சொல்லி நிறுத்துவது முறையன்று. நாங்கள் நிரலைத் தூக்கியெறியவில்லை. திருத்தினோம். திருத்தியவை இவை:

1. பதில் வராத பெயருக்குச் சிவப்பும் இல்லை, 'ஆர்வமில்லை'யும் இல்லை. அக்கட்டத்தில் இப்போது 'நாம் அழைக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் வகுப்பாசிரியரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வரும். செய்ய வேண்டிய வேலை நம்முடையது என்று பொருள்.

2. நேரத்தைக் கொடுக்கும் முன் நேரத்தைக் கேட்கிறோம். காலையா, மாலையா, எந்த வாரம் பகல் வேலை என்று புலனத்தில் ஒரு குரற்பதிவு போதும். அதன்பிறகுதான் நிரல் ஓடுகிறது.

3. வாரவிடுமுறை 5, 6 என்று மாற்றினோம். நிரலின் நேரமண்டலம் கோலாலம்பூர் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்தோம். வேறு நாட்டு நேரத்தில் இருந்தால் காலை அழைப்பு நள்ளிரவில் போய் விழும்.

4. மடல் அனுப்பும் வரியைச் சேர்த்தோம். முதலில் நம் முகவரிக்கே ஓர் அழைப்பை அனுப்பிப் பார்த்த பிறகே மற்றவர்களுக்கு அனுப்புகிறோம்.

5. என் பாட அட்டவணை முழுவதையும் நாட்காட்டியில் ஏற்றினேன். பாடவேளையில் வரும் அழைப்பை நிரல் ஏற்பதுமில்லை, மறுப்பதுமில்லை. 'ஒருவேளை' என்று வைத்து எனக்குத் தெரிவிக்கிறது. முடிவை நானும் தலைமையாசிரியரும் பேசி எடுக்கிறோம்.

முதலாவது திருத்தத்திற்கு மாற்றியது ஒரே ஒரு சொல். அதனால் ஆசிரியர் அறையில் பேச்சே மாறியது. 'யாரெல்லாம் வரமாட்டார்கள்?' என்ற கேள்வி போய், 'யாரையெல்லாம் இன்னும் கூப்பிடவில்லை?' என்ற கேள்வி வந்தது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பள்ளிப் படிவத்தில், நீங்கள் திறக்காத மின்னஞ்சல் முகவரியை எழுதாதீர்கள். இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுதுங்கள். அதில் இழிவு எதுவுமில்லை. பிள்ளையின் டெலிமா கணக்கைத் தாய் தந்தையின் முகவரியாகத் தராதீர்கள். அழைப்பு வந்து, அந்த நேரம் ஒத்துவராவிட்டால், 'வர இயலாது, வேறு நேரம் கொடுங்கள்' என்று தயங்காமல் சொல்லுங்கள். அது ஆசிரியருக்கு அவமரியாதை ஆகாது. பதில் தெரியாமல் நாங்கள் தவறாக எண்ணிக்கொள்வதைவிட, ஒரு 'முடியாது' எவ்வளவோ மேல். தவறான பட்டியலில் உங்கள் பெயர் இருப்பதாகக் கேள்விப்பட்டால், நேரே வந்து கேளுங்கள். அந்தத் தாய் வந்து கேட்டதால்தான் எங்களுக்குப் புத்தி வந்தது.

அவருக்கு நாங்கள் ஒதுக்கியிருந்த 15 நிமிடம் முந்தைய நாளே வேறொருவருக்குப் போயிருந்தது. அன்று வாயிலிலிருந்து அழைத்து வந்து, காலி வகுப்பறையில் உட்கார வைத்துப் பேசினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மகனின் வாசிப்பைப் பற்றி அவர் சொன்ன ஒரு செய்தி, ஓராண்டாக அவனுக்குப் பாடம் நடத்தும் எனக்குத் தெரியாதது. எழுத்துகள் குழம்புகின்றன என்று வீட்டில் அழுவானாம். அந்த வாரமே அவனைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கினோம்.

அவர் வந்து கேட்டிராவிட்டால் அந்தச் செய்தி எங்களுக்குக் கிடைத்திருக்காது. விரிதாளில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு நிறம் மட்டும் இருந்திருக்கும்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் பள்ளியிலும் இத்தகைய விரிதாள் இருக்கலாம். இன்றே திறந்து, பதில் வராத பெயருக்கு நேரே என்ன சொல் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அது 'ஆர்வமில்லை' என்றிருந்தால் அழித்துவிட்டுத் தொலைபேசியை எடுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.